பிழைச் செய்தி மாறியபோதெல்லாம் பின்வாங்கிய ஒரு வேர்ட்பிரஸ் நிறுவல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், மூன்று ஊர் உழவர்கள் சேர்ந்து பாரம்பரிய நெல் விதை விற்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருடன் சம்பா முதலியவை அவர்களிடம் உண்டு. விலையும் கையிருப்பும் வாட்ஸ்அப்பில்தான் போய்க்கொண்டிருந்தன. சம்பா விதைப்புக்கு ஆள் தேடி வரும் ஆவணிக்குள் சொந்தமாக ஒரு தளம் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. வேலை குழுவின் கணக்கெழுதும் இளைஞரிடம் வந்தது. அவர் பி.காம் படித்தவர், கணினியில் பழக்கமுள்ளவர். சர்வரைத் தொட்டது இதுவே முதல் முறை.

கையில் இருந்தவை: பேட்டரி சரியாக நிற்காத ஒரு விண்டோஸ் 7 மடிக்கணினி, கைப்பேசி ஹாட்ஸ்பாட், ஒரே விற்பனையாளரிடம் ஓராண்டுக்கு வாங்கிய டொமைன், சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள பகிர்வு ஹோஸ்டிங் (பலருடைய தளங்களை ஒரே சர்வரில் வைக்கும் வாடகை இடம்). நிறுவ எடுத்தது வேர்ட்பிரஸ் 6.8 என்ற தளம் அமைக்கும் மென்பொருள். ஹோஸ்டிங்கிலேயே ஒரே சொடுக்கில் நிறுவும் வசதி இருந்தது. அவர் பார்த்த காணொளி கையால் நிறுவும் முறையைக் காட்டியதால் அதையே பின்பற்றினார். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. கையால் நிறுவியவருக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு படியையும் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். காணொளி அதைச் சொல்லவில்லை.

புதன், வியாழன்: தனியாக முயன்ற இரண்டு நாள்

ஆடிப்பெருக்கு கழிந்த புதன்கிழமை மாலை. ஜிப் கோப்பைக் கணினியிலேயே விரித்து, உள்ளிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை, சர்வருக்குக் கோப்பு அனுப்பும் ஃபைல்ஜில்லா மென்பொருள் வழியாக ஏற்றத் தொடங்கினார். பாதி வழியில் மின்சாரம் போனது, மடிக்கணினியும் அணைந்தது. மின்சாரம் வந்ததும் மறுபடி ஏற்றினார். ‘இந்தக் கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று மென்பொருள் கேட்டபோது ‘தவிர்’ என்பதைத் தேர்ந்து, ‘எப்போதும் இப்படியே செய்’ என்றும் குறித்துவிட்டார். மின்சாரம் போன கணத்தில் பாதி எழுதப்பட்டு நின்ற கோப்பும் ‘ஏற்கெனவே உள்ள’ கோப்புதான். அதனால் அது பாதியாகவே தங்கிவிட்டது. இது தெரிய வந்தது சனிக்கிழமை.

டொமைனைத் திறந்தால் ஹோஸ்டிங் விற்பனையாளரின் வரவேற்புப் பக்கம்தான் வந்தது. கோப்புகள் தளத்தின் வேர் ஃபோல்டரில் இல்லை. அதற்குள் ‘வேர்ட்பிரஸ்’ என்ற துணை ஃபோல்டரில் இருந்தன. முகவரியின் பின்னால் அந்தப் பெயரைச் சேர்த்து அடித்ததும், நிறுவலை முடிக்க விவரம் கேட்கும் அமைப்புப் பக்கம் வந்தது. நேரமாகிவிட்டதால் அதை அப்படியே திறந்த நிலையில் விட்டுவிட்டுப் படுத்தார்.

வியாழன் காலை, தளத்தின் பதிவுகளும் அமைப்புகளும் சேமிக்கப்படும் தரவுத்தளம். சிபேனலில் தரவுத்தளத்துக்கும் பயனருக்கும் நாம் என்ன பெயர் கொடுத்தாலும், கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் முன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயர் எழுதும் பெட்டிக்கு இடப்பக்கத்திலேயே அது சாம்பல் நிறத்தில் தெரியும். அதைக் கவனிக்காமல், தான் எழுதிய பகுதியை மட்டும் கான்ஃபிக் கோப்பில் (தரவுத்தள விவரங்களை வேர்ட்பிரஸ் படிக்கும் அமைவுக் கோப்பு) போட்டார். ‘தரவுத்தள இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை’ என்று வந்தது.

ஹோஸ்டிங் உதவி மையத்தில் கேட்டு முன்னொட்டைச் சேர்த்தார். இப்போது வேறு செய்தி: ‘தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை’. அந்தச் செய்தியின் கீழேயே, சர்வருடன் இணைய முடிந்தது, ஆகவே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சரி என்று எழுதியிருந்தது. அவர் தலைப்பை மட்டும் படித்தார். ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து, தரவுத்தளத்தையும் பயனரையும் அழித்துப் புதிதாக உருவாக்கினார். பழைய பெயர்களையே கான்ஃபிக்கில் விட்டதால் முதல் பிழையே திரும்ப வந்தது. இந்த நிகழ்வில் பெரிய இழப்பு இதுதான். அவர் பாதி வழி வந்திருந்தார். வந்த வழியைத் தானே அழித்தார்.

பிற்பகலில் இரண்டு காரியங்கள் நடந்தன. கான்ஃபிக் கோப்பை நோட்பேடில் திறந்து, எது எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்ளத் தமிழில் ஒரு குறிப்பு எழுதினார். சேமிக்கும்போது, யூனிகோடு எழுத்துகள் அழிந்துவிடும் என்று நோட்பேட் எச்சரித்தது. ‘யூடிஎஃப்-8’ தேர்ந்தெடுத்துச் சேமித்தார். அடுத்து, நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னபடி எல்லாக் கோப்புக்கும் ஃபோல்டருக்கும் 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுத்தார். தளம் 500 என்ற சர்வர் பிழையில் நின்றது. இரவு இன்னொரு முறை முழுவதையும் ஏற்றினார். ‘தவிர்’ இன்னும் அமலில் இருந்ததால், பழுதான எதுவும் மாறவில்லை.

வெள்ளி: உதவி கேட்டதும் எடுத்த முதல் முடிவுகள்

தஞ்சாவூரில் தளங்கள் அமைத்துத் தரும் வேலையில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். “அண்ணே, என்ன செஞ்சாலும் புதுசு புதுசா வருதுண்ணே. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுடவா?” என்பது முதல் கேள்வி. “வேணாம் தம்பி. ஒண்ணையும் தொடாதீங்க. புதுசா வருதுன்னா நகருதுன்னு அர்த்தம்” என்பது பதில்.

அழிக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. என்ன பழுது என்று தெரியாமல் அழித்தால், அதே கணினி, அதே இணைப்பு, அதே பழக்கம் சேர்ந்து அதே பழுதை மறுபடி உண்டாக்கும். அடுத்த முறை சான்றும் இருக்காது. ஒரு நோட்டில் மூன்று பத்தி (நெடுவரிசை) போடச் சொன்னார்: நேரம், வந்த செய்தி முழுவதுமாக, மாற்றியது எது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதை விளக்க அவர் புது உவமை தேட வேண்டியிருக்கவில்லை. கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் வருகிறதா, ஆற்றில் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார்கள். தளத்திலும் அப்படியே: டொமைன், சர்வர் ஃபோல்டர், பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி), தரவுத்தளம், கடைசியில் வேர்ட்பிரஸ்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைச் செய்தார். சிபேனலின் ஃபோல்டர் பூட்டு வசதியில் தளம் முழுவதற்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டார். புதன் இரவு அமைப்புப் பக்கம் யாரும் நுழையும்படி திறந்து கிடந்தது. முடிக்காத வேர்ட்பிரஸ் அமைப்பைக் கண்டுபிடிப்பவர், தன்னுடைய வெளித் தரவுத்தளத்தின் விவரங்களைக் கொடுத்து நிறுவலைத் தானே முடித்துக்கொள்ளலாம். பிறகு நிர்வாகியாக நுழைந்து, செருகுநிரல் வழியே சர்வரில் எந்த நிரலையும் ஓட்டலாம். ‘புதுத் தளம், யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைப்பது பிழை. ஹோஸ்டிங் தானாகவே எஸ்எஸ்எல் சான்றிதழ் எடுத்ததும், டொமைன் பெயர் பொதுவான சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் உண்டு. இந்தத் தளத்தின் வருகைப் பதிவிலும், புதன் நள்ளிரவுக்குப் பின் அமைப்புப் பக்கத்தைத் தேடி வந்த அந்நியக் கோரிக்கைகள் இருந்தன. அவை வேர் ஃபோல்டரிலேயே தேடின. கோப்புகள் துணை ஃபோல்டரில் இருந்ததால் கிடைக்கவில்லை. தவறான இடத்தில் ஏற்றியதுதான் அன்று தளத்தைக் காத்தது.

சிபேனல் பாஸ்வேர்டு ஒரு திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்) குழு வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டிருந்தது. அதையும் மாற்றினார்கள்.

வெள்ளி மாலை: 500 பிழையும் உதவியவர் செய்த பிழையும்

சிபேனலின் பிழைப் பதிவில் விடை நேராக எழுதியிருந்தது: கோப்பு பிறரால் எழுதத்தக்கதாக இருப்பதால் இயக்க மறுக்கப்பட்டது. பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே இயந்திரத்தில் பலர் குடியிருப்பதால், இந்தப் பாதுகாப்பு விதி பல சர்வர்களில் உண்டு. 777 கொடுத்தால் ‘எல்லாம் திறக்கும்’ என்ற அறிவுரை இத்தகைய சர்வரில் நேர் எதிராக வேலை செய்யும்.

ஃபைல்ஜில்லாவில் ஃபோல்டர்களுக்கு மட்டும் 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், பிறர் நுழைந்து படிக்கலாம்), பிறகு கோப்புகளுக்கு மட்டும் 644 (உரிமையாளர் எழுதலாம், பிறர் படிக்க மட்டும்) என்று இரண்டு சுற்றாகக் கொடுத்தார்கள். ஒரே சுற்றில் எல்லாவற்றுக்கும் 644 கொடுத்தால் ஃபோல்டருக்குள் நுழையவே முடியாது. அதனால்தான் இரண்டு சுற்று. கான்ஃபிக் கோப்புக்கு மட்டும் 600 (உரிமையாளர் தவிர யாரும் படிக்க முடியாது).

ஆனால் பதிவைப் படிப்பதற்கு முன்பே, பழக்க தோஷத்தில், உதவியவர் வேர் ஃபோல்டரில் இருந்த எச்டிஅக்சஸ் கோப்பின் (அந்த ஃபோல்டருக்கான சர்வர் அமைவுகள் உள்ள கோப்பு) பெயரை மாற்றி வைத்திருந்தார். 500 பிழைக்கு அது ஒரு வழக்கமான சோதனை. இந்த ஹோஸ்டிங்கில் எந்த பிஎச்பி பதிப்பு ஓட வேண்டும் என்ற வரிகள் அந்தக் கோப்பில்தான் இருந்தன. அனுமதிகள் சரியானதும், ‘உங்கள் சர்வரில் பிஎச்பி 5.6 உள்ளது, குறைந்தது 7.2.24 வேண்டும்’ என்று வேர்ட்பிரஸ் சொன்னது. கோப்பின் பெயர் மாறியதால் தளம் சர்வரின் இயல்புப் பதிப்புக்கு விழுந்திருந்தது. அந்த மாற்றம் நோட்டில் ஏறவில்லை. இளைஞரை எழுதச் சொன்னவர் தான் செய்ததை எழுதச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் போனது. பெயரைத் திருப்பி வைத்து, பதிப்புத் தேர்வுப் பக்கத்தில் 8.2 என்று உறுதி செய்ததும் செய்தி மறைந்தது.

சனி: இடம் மாற்றமும் தரவுத்தளமும்

துணை ஃபோல்டரில் இருந்தவற்றை வேர் ஃபோல்டருக்கு மாற்றுவதை நிறுவலுக்கு முன்பே செய்ய முடிவு செய்தார்கள். நிறுவிய பிறகு தள முகவரி தரவுத்தளத்தில் இரண்டு இடத்தில் பதிந்துவிடும். அப்புறம் கோப்பை மட்டும் நகர்த்தினால் உள்நுழைவுப் பக்கம் பழைய முகவரிக்கே போகும். நகர்த்திய பின்னும் வரவேற்புப் பக்கம் போகவில்லை. விற்பனையாளர் வைத்திருந்த எச்டிஎம்எல் முகப்புக் கோப்பும் வேர்ட்பிரஸின் பிஎச்பி முகப்புக் கோப்பும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், இந்தச் சர்வரில் முந்தியது எச்டிஎம்எல். அதை நீக்கியதும் வேர்ட்பிரஸ் எட்டிப் பார்த்தது.

தரவுத்தளத்தில், வியாழன் கண்ட இரண்டு செய்திகளையும் இந்த முறை வரிசையாக நடந்து தாண்டினார்கள். முன்னொட்டோடு சேர்த்த முழுப் பெயர்களைக் கையால் தட்டாமல் சிபேனல் பட்டியலிலிருந்து நகலெடுத்தார்கள். சர்வர் பெயர் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது மாறவில்லை. எதிர்பார்த்தபடியே ‘தேர்ந்தெடுக்க முடியவில்லை’ என்ற செய்தி வந்தது. சிபேனலில் தரவுத்தளம் உருவாக்குவது ஒரு படி, பயனர் உருவாக்குவது இன்னொரு படி, அந்தப் பயனரை அந்தத் தரவுத்தளத்தில் சேர்த்து எல்லா உரிமையும் கொடுப்பது மூன்றாவது படி. மூன்றாவது நடந்திருக்கவே இல்லை.

இங்கே ஏமாற்றும் ஒரு நுணுக்கம் உண்டு. பயனருக்கு உரிமை இல்லாவிட்டால், தரவுத்தளம் உண்மையில் இல்லாதபோதும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற 1049 எண்ணைத் தராது. ‘அனுமதி இல்லை’ என்ற 1044-ஐத்தான் தரும். பெயரில் எழுத்துப் பிழையா, உரிமை இல்லையா என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. முதலில் உரிமை, அப்புறம் பெயர் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறென்றால் வருவது 1045.

பாஸ்வேர்டில் ஒற்றை மேற்கோளும் பின்சாய்கோடும் வேண்டாம் என்று உதவியவர் சொன்னார். கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டு ஒற்றை மேற்கோளுக்குள் நிற்கிறது. உள்ளே இன்னொன்று வந்தால் அங்கேயே பாஸ்வேர்டு முடிந்ததாகிவிடும்.

உரிமை கொடுத்ததும் நிறுவல் பக்கம் வந்து, தளப் பெயர், நிர்வாகி விவரம் கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

சனி பிற்பகல்: நுழைய முடியாத கதவு

உள்நுழைவுப் பக்கத்தில் ‘எதிர்பாராத வெளியீட்டால் குக்கிகள் தடுக்கப்பட்டுள்ளன’ என்று வந்தது. பிரவுசரை மாற்றிப் பார்த்தார் இளைஞர், அதேதான். குக்கி (தளம் அனுப்பி பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு தகவல்) என்ற சொல்லைப் பார்த்து பிரவுசரைச் சந்தேகிப்பது இயல்பு. காரணம் ‘எதிர்பாராத வெளியீடு’ என்பதில் இருந்தது.

பிழைப் பதிவு கான்ஃபிக் கோப்பின் முதல் வரியைச் சுட்டியது. பார்த்தால் முதல் வரியில் தவறே இல்லை. பழைய நோட்பேட் ‘யூடிஎஃப்-8’ என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை எழுதும். விண்டோஸ் 10-இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது இல்லாமல் சேமிப்பது இயல்பானது. பிஎச்பி தொடங்குவதற்கு முன்னாலேயே அந்த மூன்று பைட்டும் பிரவுசருக்குப் போய்விடுவதால், அதன் பிறகு குக்கி அனுப்ப வழியில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு நோட்பேட் அந்த எச்சரிக்கையைக் காட்டியே இருக்காது. தமிழில் குறிப்பு எழுதும் நல்ல பழக்கம் உள்ளவருக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். அதற்காகத் தமிழ்க் குறிப்பை விட வேண்டியதில்லை. அடையாளம் இல்லாமல் சேமிக்கும் நோட்பேட்++ போன்ற மென்பொருள் போதும். இங்கே அப்படியே சேமித்து ஏற்றினார்கள். குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ‘இந்தத் தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது’. ஆனால் முகப்புப் பக்கம் நன்றாகத் திறந்தது. நிர்வாகப் பகுதியில் பதிவுகள் பட்டியலின் முகவரியை நேராக அடித்தால் அதுவும் வந்தது. நிர்வாகப் பகுதியின் முதல் பக்கமான டாஷ்போர்டு மட்டும் விழுந்தது. ஒரே ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், அந்தப் பக்கம் மட்டும் பயன்படுத்தும் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். நிர்வாக ஃபோல்டரின் உள்ளே டாஷ்போர்டு கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று பதிவு சொன்னது. ஜிப்பில் உள்ள மூலத்தோடு அளவை ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. புதன்கிழமை மின்வெட்டு இங்கே வந்து நின்றது.

ஒன்று பாதியென்றால் வேறு சிலவும் பாதியாக இருக்கலாம். ஜிப்பை அப்படியே சர்வருக்கு ஏற்றி, சிபேனல் ஃபைல் மேனேஜரில் அங்கேயே விரித்தார்கள். சுமார் 25 எம்பி கொண்ட ஒரே கோப்பு. கைப்பேசி இணைப்பிலும் சில நிமிடம். ஏறியதும் முழுதா என்று அளவைப் பார்த்தாலே தெரியும். கான்ஃபிக்கையும் உள்ளடக்க ஃபோல்டரையும் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றினார்கள். பிறகு சிபேனல் டெர்மினலில் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு மூலக் கோப்பும் வேர்ட்பிரஸ் வெளியிட்ட கோப்போடு பொருந்துவதை உறுதி செய்தார்கள். வேர்ட்பிரஸின் மூல ஃபோல்டர்களில் அந்நியக் கோப்பு எதுவும் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. அதன் பிறகே ஃபோல்டர் பூட்டை எடுத்தார்கள்.

ஞாயிறு: தமிழ் முகவரி

நேர மண்டலம், தள மொழி, படங்களுக்கான பதிவேற்ற வரம்பை 2 எம்பியிலிருந்து 16 எம்பியாக உயர்த்தியது ஆகியவை அரை மணியில் முடிந்தன.

நேரம் எடுத்தது பதிவுகளின் முகவரி. ‘மாப்பிள்ளைச் சம்பா விதை நேர்த்தி’ என்று எழுதிய பதிவின் முகவரியில் ‘நேர்த்தி’யைக் காணோம். ‘மாப்பிள்ளைச் சம்பா விதை விலை’ என்று இரண்டாவது பதிவு போட்டதும் அதே முகவரியும் பின்னால் ஒரு 2-ம் வந்தன. வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டுக்கு ஒதுக்கும் இடம் 200. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முகவரியில் குறியாக்கம் ஆகும்போது ஒன்பது இடம். ‘மா’ என்பது எழுத்தும் துணைக்காலுமாக இரண்டு குறி, அதாவது 18 இடம். ‘மாப்பிள்ளைச் சம்பா விதை’ வரை 21 குறிகளுக்கு 189, இடைவெளி இரண்டு, ஆக 191. அடுத்த இடைவெளியோடு 192. மிச்சம் எட்டில் இன்னொரு குறி நுழையாது.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரித் துண்டை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையால் எழுதுவது என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நீளமான சதவீதக் குறிச் சரமாக விரியாது என்பது இன்னொரு காரணம். இரண்டு பதிவுகள் மட்டும் இருந்தபோதே இதைச் செய்தது நல்லது. இணைப்புகள் பரவிய பின் மாற்றினால் பழைய இணைப்புகளுக்குத் தனியாக வழி ஏற்படுத்த வேண்டியிருக்கும்.

விளைவு

ஞாயிறு இரவு தளம் பொதுவில் வந்தது. ஆவணி பிறக்கும்போது ஐந்து ரகங்களின் பக்கங்கள் இருந்தன. விலையை இளைஞரே கைப்பேசியிலிருந்து மாற்றுகிறார். வாரம் ஒருமுறை சிபேனலில் முழு நகல் எடுத்துக் குழுவின் கணினியில் வைக்கிறார்கள். பாஸ்வேர்டு மீட்பு மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போவது இன்னும் தீரவில்லை. மின்னஞ்சல் அனுப்பச் சரியான எஸ்எம்டிபி கணக்கு அமைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கோப்புச் சரிபார்ப்பை வெள்ளிக்கிழமையே ஓட்டியிருக்க வேண்டும். ஏற்றும்போது மின்சாரம் போனது என்று இளைஞர் முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு தாண்டியது உதவியவரின் தவறு. சனிக்கிழமைப் பிற்பகலில் பாதி அதனால் போனது. எச்டிஅக்சஸ் கோப்பைப் பதிவு படிக்கும் முன்பு தொட்டதும் அப்படியே.

கான்ஃபிக் தயாராக இல்லாமல் கோப்புகளை ஏற்றக் கூடாது. தரவுத்தளம், பயனர், உரிமை மூன்றும் முடிந்த பிறகு, ஃபோல்டர் பூட்டு போட்டு, ஜிப்பை ஏற்றி விரித்து, அதே அமர்வில் நிறுவலை முடிப்பது. இரவு முடியாவிட்டால் பூட்டு அப்படியே இருக்கட்டும்.

ஃபைல்ஜில்லாவில் ஏதேனும் ஏற்ற நேர்ந்தால் ‘தவிர்’ வேண்டாம். ‘அளவு வேறுபட்டால் மேலெழுது’ என்பதே சரி. முடிந்ததும் கீழே உள்ள ‘தோல்வியுற்றவை’ பட்டியலைப் பார்த்துவிட்டே மூட வேண்டும்.

மூன்று பத்தி நோட்டில் நான்காவதாக ஒரு பத்தியை இளைஞர் சேர்த்திருக்கிறார்: மாற்றியவர் யார்.